பெயர் இல்லாத தலைவிகள்

மகளிர் தினம் வந்தால் பொன்னாடை போர்த்த ஆள் தேடுகிறார்கள். பெங்களூர் பொம்மனஹள்ளியில் தேடினால் ஒரு பெயரும் சிக்காது. 2016 ஏப்ரல் 18-ல் அங்குள்ள ஆயத்த ஆடைத் தொழிலாளப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓசூர் சாலையை மறித்தார்கள். பி.எஃப்.பில் முதலாளி கட்டிய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி போட்டிருந்தது. வேலை போனால் வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் அந்தப் பணம்தான் கதி. 58 வயதுவரை தையல் மெஷின் முன்னால் யாரால் உட்கார முடியும்?

எந்தச் சங்கமும் அழைக்கவில்லை. மறுநாள் கூட்டம் பெருகியது. தடியடி, கல்வீச்சு, பஸ் எரிப்பு என்று விபரீதமும் ஆனது. அன்றே டெல்லி விதியை வாபஸ் வாங்கியது. பலன் நாடு முழுக்க உள்ள பி.எஃப். சந்தாதாரர்களுக்கு. டிராஃபிக்கில் சிக்கி அன்று முணுமுணுத்த எலக்ட்ரானிக் சிட்டி கம்ப்யூட்டர்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.