நோய்க்குக் கண்ணில்லை, சாவுக்குக் கண்ணுண்டு!

கொள்ளை நோய்க்கு ஏழை என்றும் செல்வன் என்றும் பேதமில்லை, கோட்டையிலும் நுழையும், குடிசையிலும் நுழையும் என்பார்கள். நுழைவதில் பேதமில்லை, தோழர்களே! ஒப்புக்கொள்வோம். ஆனால், நுழைந்த இடத்தில் எத்தனை பேரைத் தூக்கிச் செல்கிறது? அந்தக் கணக்கைப் புரட்டினால், பேதத்தைத் தவிர வேறொன்றும் இல்லை!

1918ஆம் ஆண்டு. உலகப் போரின் பீரங்கிகள் ஓயும் வேளையில், இன்புளூயன்சா கிளம்பிற்று. 2006ஆம் ஆண்டு 'லான்செட்' எனும் மருத்துவ ஏட்டில் வெளிவந்த ஆய்வு அந்தச் சாவுக் கணக்கை நாடு நாடாக எடுத்து வைத்தது. டென்மார்க்கில் ஆயிரம் பேருக்கு 2 பேர் மாண்டனர். வெள்ளையர் ஆண்ட இந்தியாவின் மத்திய மாகாணம் - பேராரிலோ, ஆயிரத்துக்கு 78 பேர்! கிருமி ஒன்று, சாவு முப்பது மடங்குக்கும் மேல்! இந்த வேற்றுமையின் பெரும்பகுதிக்கு விளக்கம், அந்தந்த நாட்டு மக்களின் வருமானத்தில் இருந்தது.

நாட்டுக்கு நாடு மட்டுமா? ஒரே ஊருக்குள்ளும் அதே கதைதான். 1918இல் பம்பாய் நகரில் அந்நோயால் மாண்டோர், ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8 பேருக்குச் சற்று மேல்; பார்சிகளில் 9 பேர்; தாழ்த்தப்பட்ட மக்களிலோ 61 பேருக்கு மேல்! அதே கடற்காற்று, அதே நகரம், அதே நோய். காற்று புகாத அறையில் பத்துப் பேர் படுத்தவனும், விசாலமான மாளிகையில் தாதியின் பணிவிடை பெற்றவனும் எப்படி ஒரே சாவைச் சாவார்கள்?

"அப்படியானால் பணம் உள்ளவன் பிழைப்பான், இல்லாதவன் மடிவான், இதில் அரசு என்ன செய்யும்?" என்று கேட்போர் உண்டு. அவர்களைப் பசிபிக் கடலுக்கு அழைக்கிறேன். அங்கே சமோவாத் தீவுகள். ஒரே மொழி பேசி, ஒரே மீன் பிடித்து வாழும் ஒரே மக்கள். ஆள்வோர் மட்டும் இருவர். மேற்குப் பகுதி நியூசிலாந்தின் கையில். கிழக்குப் பகுதி அமெரிக்காவின் கையில். 1918 நவம்பரில், ஆக்லாந்திலிருந்து வந்த 'தலூன்' என்ற கப்பலை மேற்குச் சமோவாவில் தடையின்றி இறங்க விட்டனர். ஏறத்தாழ 38,000 பேரில் 8,500 பேர் பிணமாயினர். ஐந்தில் ஒருவருக்கும் மேல்! கிழக்கிலோ, ஆளுநர் பாயர் கரையை அடைத்தார். கப்பல்களைத் தள்ளி நிறுத்தினார். அங்கே அந்நோய்க்கு மாண்டவர் எவருமில்லை! இரு பக்கமும் ஏழைகளே. காத்தது பணமா? இல்லை, ஒரு கட்டளை! மேற்குச் சமோவாவில் நேர்ந்த பிழைக்கு நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் மன்னிப்புக் கேட்டது, 84 ஆண்டுகள் கழித்து, 2002இல்!

நூறாண்டு கழிந்தது, கொரோனா வந்தது. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் வழக்கத்துக்கு மேல் நேர்ந்த சாவு 1 கோடியே 49 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசுகள் ஒப்புக்கொண்டதோ 54 லட்சம்! மிகுதிச் சாவில் 53 விழுக்காடு கீழ்நடுத்தர வருவாய் நாடுகளில். 28 விழுக்காடு மேல்நடுத்தர நாடுகளில். 15 விழுக்காடு செல்வ நாடுகளில். 4 விழுக்காடு மிக ஏழை நாடுகளில்.

"பார்த்தீரா, பரம ஏழை தப்பினான்!" என்று எவரும் பூரிக்க வேண்டாம். அந்த நாடுகளில் வாழ்வோர், உலக மக்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவர்களிலும் இளைஞரே மிகுதி. முதியோரைத் தேடிக் கொன்ற நோய் இது. தவிர, அங்கே பலருக்குப் பிறந்த பதிவுமில்லை, இறந்த பதிவுமில்லை. ஏட்டில் ஏறாத பிணம் எண்ணிக்கையில் எப்படி ஏறும்? பெரு நாடு 2021 மே 31ஆம் நாள் தன் கணக்கைத் திருத்தியபோது, ஏறத்தாழ 69,000 என்றிருந்த சாவு 1,80,000ஐத் தாண்டிற்று. பிராணவாயு உருளைக்காக வரிசையில் நின்ற நாடு அது!

செல்வம் மட்டும் காத்ததா? செல்வத்தில் முதலிடத்து அமெரிக்காவில், 2022 மே மாதத்துக்குள் 10 லட்சம் பேர் மாண்டனர். அன்று கப்பலை விட்ட நியூசிலாந்தோ, 2020 மார்ச்சில் எல்லையை அடைத்தது. அந்த ஈராண்டில் அங்கே சாவு வழக்கத்தைவிடக் குறைந்தது! பாடம் கற்றவன் பிழைத்தான்.

பணமும் வேண்டும், மனமும் வேண்டும். பணமற்ற நாட்டுக்கு மருந்து எட்டவில்லை. 2021 முடிவில், ஆப்பிரிக்காவில் முழுத் தடுப்பூசி பெற்றோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. மனமற்ற அரசுக்குப் பணமிருந்தும் பயனில்லை.

அடுத்த நோய் வரும். தேதி சொல்லிக்கொண்டு வராது. அதற்குமுன் ஊருக்கு ஊர் மருத்துவமனை வேண்டும், உயிர்க்காற்று வேண்டும், எல்லா நாட்டுக்கும் மருந்து வேண்டும், ஒவ்வொரு சாவையும் எழுதும் ஏடு வேண்டும். இறந்தவனை எண்ண மறுக்கும் அரசு, இருப்பவனை எப்படிக் காக்கும்? நோயைக் குருடு என்று பழிப்பது எளிது. நாம் கேட்போம்: ஆள்வோரே, உங்கள் கண் எங்கே?