கத்தியின் பிடி: மரமா, செயற்கைப் பொருளா?



கத்தி வாங்கும்பொழுது அலகின் பளபளப்பைப் பார்க்கிறோம், கூர்மையைச் சோதிக்கிறோம். பிடியைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. ஆயினும் நாள்தோறும் நம் கையில் இருப்பது அலகன்று, பிடியே. தளர்ந்த பிடி ஒரு நாள் கைக்குள் திரும்பினால் விரல் வெட்டுப்படும். ஆதலின் மரப்பிடி நன்றா, செயற்கைப் பிடி நன்றா என்னும் வினா அற்பமானதன்று.

மரத்தின் இயல்பை முதலில் காண்போம். கருவேலம், ஈட்டி போன்ற வன்மரங்களில் செய்த பிடி கைக்கு இதமானது, எளிதில் வழுக்காது. ஆனால் மரம் நீரை உறிஞ்சும். உறிஞ்சியபொழுது நாரோட்டத்திற்குக் குறுக்கே பருக்கும். நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதேயில்லை. காய்ந்தால் மீண்டும் சுருங்கும். இவ்வாறு பருத்தும் சுருங்கியும் வருவதால் ஆணியைச் சுற்றி இடைவெளி உண்டாகிப் பிடி ஆடத் தொடங்குகிறது, வெடிப்பும் காண்கிறது. அவ்விடைவெளியில் மீன் கழுவிய நீரும் இறைச்சிச் சாறும் தங்குமாயின் கிருமிகள் பெருக வழியுண்டு.

செயற்கைப் பொருள்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லேண்ட் என்பார் 1907-இல் அமெரிக்காவில் பேக்கலைட்டை உருவாக்கினார். குக்கர்ப் பிடிகளில் நாம் காணும் கரிய பொருள் அதுவே. அது சூட்டில் உருகாது. ஆனால் கீழே விழுந்தால் உடையக்கூடும். இன்று பல கத்திகளில் காணப்படும் பாலிபுரோப்பிலீன் பிடி நீரை ஏற்பதில்லை, எளிதில் உடைவதுமில்லை. அலகின் வால்பகுதியைச் சுற்றி உருக்கி வார்ப்பதால் இடைவெளியும் இராது. இதனாலேயே மீனும் இறைச்சியும் வெட்டும் கூடங்களில் இதனை விரும்புகின்றனர். எனினும் ஏறத்தாழ 160 பாகை செல்சியஸில் இது உருகிவிடும். சூடான வாணலியின் விளிம்பில் வைத்தலாகாது. மேற்பரப்பு சொரசொரப்பாக இல்லையேல் எண்ணெய்க் கையில் வழுக்கும். பழுதுற்றால் மாற்றுவதும் அரிது. மரப்பிடியையோ தச்சரும் கொல்லரும் மாற்றித் தருவர்.

அவ்வாறாயின் எதனைத் தேர்வது? அடிக்கடி மீனும் இறைச்சியும் அரியும் இல்லத்திற்கும், கத்தியைப் பாத்திரங்களோடு நீரில் ஊறவிடும் இல்லத்திற்கும் செயற்கைப் பிடியே ஏற்றது. பயன்படுத்தியவுடன் கழுவித் துடைத்து வைக்கும் இல்லத்தில் மரப்பிடி பல்லாண்டு உழைக்கும். அவ்வப்போது ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசிக் காயவிட்டால், அது காற்றில் இறுகி மரத்தைக் காக்கும். தேங்காயெண்ணெய் அவ்வாறு இறுகுவதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைக்காதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்திய பின்னரே எறிதல் வேண்டும்.

எப்பொருளாயினும், பிடிக்கும் அலகிற்கும் இடையே நகம் நுழையும் இடைவெளி இருப்பின் அக்கத்தியை வாங்க வேண்டா.

நிறைவாக நாம் கூற விழைவது ஒன்றுண்டு. பல இல்லங்களில் கத்தியை வாங்குபவர் ஒருவர். அதனோடு நாள்தோறும் போராடுபவர் மற்றொருவர். அரிபவரே கடையில் அதனைப் பிடித்துப் பார்க்கட்டும். முதுமையால் விரல் முழுதும் மடங்காத தாய்க்கு மெல்லிய பிடியினும் சற்றுப் பருத்த பிடியே எளிது. வீட்டிலுள்ள கத்தியையும் இன்றே அசைத்துப் பாருங்கள். பிடி ஆடுமாயின், நாளைய சமையலுக்கு முன் அதனைச் செப்பனிடுங்கள்.