ஊத்து, நாலுமுக்கு மழையும் உங்கள் பிசானமும்: பொதிகைக் காட்டில் என்ன நடக்கிறது?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காலையில் எழுந்ததும் செல்போனில் மழையளவுப் பட்டியலைப் பார்ப்பது தாமிரபரணிப் பாசன விவசாயிகள் பலருக்கும் வழக்கமாகிவிட்டது. ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்ற நான்கு பெயர்களும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் மேலே நிற்கும். அங்கே மழை வலுத்தால் மணிமுத்தாறு அணை ஏறும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடுவீர்கள். அந்த நான்கும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள். அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலானோர் இப்போது மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். இன்னும் சில ஆண்டுகளில் அந்த நிலம் முழுவதும் காட்டோடு சேரப்போகிறது.

இது வனத்துறைக்கும் தோட்டக் கம்பெனிக்கும் தொழிலாளர்களுக்கும் இடையிலான விவகாரம், நமக்கென்ன என்று நினைத்திருந்தால், இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மலைக்காட்டில் எடுக்கப்படும் முடிவு கடைசியில் உங்கள் வாய்க்கால் மடைக்குத்தான் வந்து சேரும்.

முதலில் அந்தக் காட்டைப் பற்றி. முண்டந்துறை, களக்காடு சரணாலயங்கள் இரண்டையும் சேர்த்து 1988இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். உள்காடு மட்டும் 895 சதுர கிலோமீட்டர். தாமிரபரணி மட்டுமல்ல, சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு, கடனாநதி, ராமநதி எல்லாமே இந்த மலைத்தொடரில்தான் பிறக்கின்றன. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை இதன் உச்சி. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் முக்கியப் பகுதிகளை யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இதுவும் அதில் அடங்கியது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது.

கீழே முண்டந்துறைப் பக்கம் இலையுதிர் காடு. மேலே ஏற ஏற வெயில் தரையில் விழாத மழைக்காடு. இன்னும் மேலே புல்வெளியும் சோலையும். செங்குறிஞ்சி என்ற மரம் இந்த மலைப்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. சிங்கவால் குரங்கு, வரையாடு, இருவாச்சி எல்லாம் இங்கே உண்டு. வேளாண்மைக்காரன் என்ற முறையில் என் கண் போவது வேறு பக்கம். நாம் பயிரிடும் மிளகு, ஏலக்காய், ஜாதிக்காய், நாவல், வாழை ஆகியவற்றின் காட்டு உறவுகள் இந்த மலையில் இருக்கின்றன. உங்கள் வாழைத் தோட்டத்தில் வாடல் நோய் வந்தால் நல்ல கன்று கேட்டு வருகிறீர்கள். நோய் தாங்கும் குணத்தைத் தேடிப் பயிர் விஞ்ஞானிகள் கடைசியில் போய் நிற்பது இப்படிப்பட்ட காட்டு இனங்களிடம்தான்.

இனி தண்ணீர். 'காடு இருந்தால்தான் மழை' என்று மேடையில் எல்லோரும் பேசுகிறார்கள். அதில் பாதிதான் சரி. மரம் தண்ணீர் குடிக்கும். காட்டிலிருந்து ஓடிவரும் மொத்தத் தண்ணீர் மொட்டை மலையிலிருந்து வருவதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் மொட்டை மலையில் விழுந்த மழை அன்றைக்கே மண்ணோடு சேர்ந்து அணைக்கு ஓடிவரும். சருகு மூடிய காட்டு மண்ணில் விழுந்த மழையில் பெரும்பகுதி கீழே இறங்கி, பாறை இடுக்கிலும் ஓடையிலும் கசிந்து, வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். புல்வெளியும் அப்படித்தான். தென்மேற்குப் பருவம் ஓய்ந்த பிறகும் காரையாறில் தண்ணீர் வரத்து நிற்காமல் இருப்பதற்குக் காரணம் இந்தக் கசிவு. கார் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் உங்களுக்குத் தேவை இந்தத் தண்ணீர்தானே தவிர, ஒரே நாளில் வந்து கடலுக்குப் போகும் வெள்ளம் அல்ல. வண்டல் குறைவாக வருவதால் அணையின் கொள்ளளவும் சீக்கிரம் குறையாது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்படிப்பட்ட மழையை எந்தக் காடும் பிடித்து வைக்க முடியாது. காட்டை வளர்த்தால் வெள்ளமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது மாஞ்சோலைக்கு வருவோம். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் வனநிலத்தை பாம்பே பர்மா டிரேடிங் கம்பெனிக்கு 99 ஆண்டு குத்தகைக்கு விட்டது. மழைக்காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் ஏலக்காயும் போட்டார்கள். குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. அதற்கு முன்பாகவே கம்பெனி 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வெளியேறத் தொடங்கியது. தோட்டத்தை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்று கேட்ட வழக்குகளை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. நான்கு தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் சமவெளிக்கு வந்து புதிதாக வாழ்க்கையைத் தொடங்க வேண்டிய நிலை. அவர்களுக்குச் செய்ய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது என்பது என் கருத்து. காட்டைக் காப்பாற்றும் செலவை அங்கே கூலிக்கு உழைத்தவர்கள் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமில்லை.

நிலத்தின் கதை வேறு. தேயிலையைக் கவனிக்காமல் விட்டால் தானாகக் காடாகிவிடும் என்று நினைக்கிறார்கள். கவாத்து செய்யாத தேயிலை மரமாக வளர்ந்து நிற்கும். இடைவெளியில் உண்ணிச்செடி புகும். அடர்ந்த நிழலும் சருகும் உள்ள பழைய காடு அங்கே திரும்ப வர, பக்கத்துச் சோலையிலிருந்து விதை எடுத்து நாற்றங்கால் போட்டு, பல ஆண்டுகள் களை எடுத்துப் பராமரிக்க வேண்டும். அந்த மழையிலும் அட்டையிலும் வேலை செய்து பழகிய ஆட்கள் அந்தத் தொழிலாளர்களைத் தவிர யார்? விரும்புகிறவர்களை இந்த வேலைக்கே எடுத்துக்கொள்ளலாம். பச்சையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக யூக்கலிப்டஸ் மாதிரி எதையாவது நட்டுவிட்டால் தண்ணீர்க் கணக்கில் நமக்கு நஷ்டம். புல்வெளியாக இருக்க வேண்டிய இடத்தில் மரம் நடுவதும் தவறுதான்.

அடுத்தது, டீக்கடைகளில் சுற்றும் ஒரு வதந்தி. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அகத்தியமலைப் பகுதி முழுவதையும் ஆய்வு செய்து, காட்டுக்குள் காட்டுக்குப் புறம்பாக என்னென்ன நடக்கிறது என்று அறிக்கை தர மத்திய அதிகாரக் குழுவுக்கு உத்தரவிட்டது. அதைக் கேட்டதும் மலையடிவாரத்தில் பட்டா நிலத்தையும் எடுத்துவிடுவார்களாம் என்று பேச்சு. அந்த ஆய்வு வனநிலத்தில் நடப்பதைப் பற்றியது, உங்கள் பட்டாவைப் பற்றியது அல்ல. காப்பகத்தைச் சுற்றி வரும் சூழல் உணர்திறன் மண்டலத்திலும் ஏற்கெனவே நடந்துவரும் விவசாயத்துக்குத் தடை கிடையாது. சரணாலய எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுரங்கமும் குவாரியும் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் உத்தரவிலும் தளர்த்தவில்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போகிறதே என்று கவலைப்படும் விவசாயிக்கு அது நல்ல செய்தி.

"அதெல்லாம் சரி சார், பன்னிக்கு என்ன வழி சொல்லுதீங்க?" களக்காடு பக்கம் ஒரு கூட்டத்தில் நான் தண்ணீர்க் கணக்கைச் சொல்லி முடித்ததும் ஒரு வாழை விவசாயி எழுந்து கேட்டார். முந்தைய இரவு மூன்று மாதக் கன்றுகளைக் கிளறிப் போட்டிருந்தது. அவரிடம் போய்க் காட்டின் பெருமையைப் பேசுவதில் அர்த்தமில்லை. மலையடிவார விவசாயிகள் பலர் காட்டை வெறுக்கத் தொடங்கியிருப்பதற்குக் காரணமே இந்த இழப்புதான். இதைத் தீர்க்காமல் எந்தக் காப்பகமும் நீண்ட நாள் நிற்காது.

பன்றி எங்கே தங்குகிறது என்று முதலில் பாருங்கள். எல்லாம் மலையிலிருந்து இறங்கி வருவதாக நினைக்கிறோம். பல ஊர்களில் அது குளத்துக்குள் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலப் புதரிலேயே குட்டி போட்டுக் குடியிருக்கிறது. குளத்தையும் வாய்க்கால் கரையையும் ஊர் சேர்ந்து சுத்தம் செய்த இடங்களில் தொல்லை குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் வயலை மட்டும் காப்பாற்ற நினைத்தால் பன்றி பக்கத்து வயலுக்குப் போகும், அவ்வளவுதான். நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி போட்டவர்கள் வரப்போரம் நெருக்கமாக நாலைந்து வரிசை ஆமணக்கு விதைத்துப் பார்க்கலாம். பழைய சேலை கட்டுவது முதல் சில வாரங்கள் உதவும். பிறகு பன்றிக்குப் பழகிவிடும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவு இது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடுவார்கள். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். நீங்கள் சுடவோ வெடி வைக்கவோ கூடாது. உங்கள் சர்வே எண் எந்த வளையத்தில் வருகிறது என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லைன் கம்பியிலிருந்து நேரடியாக வேலிக்கு மின்சாரம் கொடுப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். யானை செத்தால் வழக்கு. அதிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து வயல்காரர் செத்தால்? சூரிய மின்வேலி போடலாம். அதற்கு 2023இல் தனி விதிகள் வந்துவிட்டன. காட்டை ஒட்டிய நிலமாக இருந்தால் பதிவு செய்து, தரச்சான்று உள்ள கருவியை வாங்கிப் போடுங்கள்.

பயிர்க் காப்பீட்டிலும் ஒரு மாற்றம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குகளால் ஏற்படும் இழப்பை 2026 காரிஃப் பருவத்திலிருந்து கூடுதல் காப்பாகச் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. இழப்பு நடந்த 72 மணி நேரத்துக்குள் இடக்குறியுடன் கூடிய போட்டோவைக் காப்பீட்டு செயலியில் ஏற்ற வேண்டும். எந்த மாவட்டம், எந்த விலங்கு என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். நம் மாவட்டம் அதில் இருக்கிறதா என்று பிரீமியம் கட்டுவதற்கு முன்பே வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். வனத்துறை இழப்பீட்டுக்கும் இதே போட்டோ உதவும். அதிகாரி வந்து பார்க்கும்வரை சாய்ந்த வாழையை அப்புறப்படுத்தாதீர்கள்.

1990களின் நடுவில் உலக வங்கி உதவியோடு இந்த மலையடிவார ஊர்களில் கிராம வனக்குழு அமைத்து, சாண எரிவாயுவும் சிறு கடனும் கொடுத்தார்கள். தலைச்சுமை விறகுக்காகக் காட்டுக்குள் போவது அப்போது வெகுவாகக் குறைந்தது. பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். உங்கள் ஊரில் அந்தக் குழு பெயரளவுக்காவது இருந்தால் அதை மறுபடி கூட்டுங்கள். பன்றி மனுவும் காப்பீட்டுப் புகாரும் தனி ஆளாகக் கொடுப்பதைவிட குழுவாகக் கொடுத்தால் வேகமாக நகரும்.

அடுத்த மாதம் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போகும்போது, வழக்கமான உரம், கொள்முதல் மனுக்களோடு இரண்டு கேள்விகளையும் எழுதிக்கொண்டு போங்கள். மாஞ்சோலை நிலத்தில் என்ன மரம், யாரைக் கொண்டு நடப்போகிறார்கள்? ஆட்கள் இறங்கிய பிறகு ஊத்திலும் நாலுமுக்கிலும் மழையை அளந்து நமக்குச் சொல்லப்போவது யார்?