சிறுவர்க்கு முதற்படகு

நீர்வளமில்லா ஊரிற் பிறந்தார் படகைப்பற்றி எழுதப் புகுதல் நகைப்பிற்கிடமாகும் என்பதை யாம் அறிவோம். எமது நல்லம்பள்ளி வாரச் சந்தைக்கும் சேலம் நெடுஞ்சாலைப் புழுதிக்கும் பெயர்போயதேயன்றி ஓடத்திற்குப் பெயர்போயதன்று. ஏரி நிரம்பிய ஆண்டுகளை எம்மூர் முதியோர் விரல்விட்டு எண்ணிச் சொல்வர். ஆயினும், எம் அத்தையார் வாழ்க்கைப்பட்டிருக்கும் நாகமரை, மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டியது. அங்கு எம் மாமா பரிசிலேறி வலைவிரித்துப் பிழைப்பவர். அவருடைய இளைய மகனுக்கு இவ்வாண்டு 14 வயது நிரம்பிற்று. சீட்டுப்பணம் கைக்கு வரும் நாள் நெருங்கவே, “மாப்பிள்ளை, இவனுக்கென்று எஞ்சின் வைத்த பைபர் படகொன்று வாங்கப் போகிறேன், நீ படித்த பிள்ளை, எது நல்லதென்று பார்த்துச் சொல்” என்று எம்மைக் கேட்டார். அத்தையார் அருகில் நின்று, ஒன்றும் பேசாமல் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

அவ்வினாவிற்கு யாம் அளித்த விடையே இக்கட்டுரை. வீட்டிற் பேசவேண்டியதை ஏட்டில் எழுதுவானேன் எனின், அணையும் ஆறும் கடலுமுள்ள ஊர்களிலிருந்து வந்து நம் கல்லூரியிற் பயிலும் நண்பர் பலராவர். தம்பியர் உடையாரும் அவருட் பலராவர்.

சிறுவனுடைய முதற்படகு சிறுவனுக்காகவே தேர்ந்தெடுக்கப்படல் வேண்டும். குடும்பத்தின் பிழைப்பிற்காக அன்று. இதுவே எம் கருத்து. நம் வீடுகளிலே பள்ளிச் சட்டை தைக்குங்கால், வளரும் பிள்ளையென்று நான்கு விரற்கடை பெரிதாகவே தைப்பது வழக்கம். சட்டை பெரிதானால் பையன் அதனுள்ளே தொளதொளவென்று நடந்து போவான், அவ்வளவே. படகை அவ்வாறு வாங்கல் ஆகாது. மாமா கருத்திற்கொண்டிருந்த படகு 20 அடிக்கு மேற்பட்டது. எஞ்சினோ 10 குதிரைத்திறன். நாளைக்கு மீன் ஏற்றலாம், அவசரத்திற்கு ஆளும் ஏற்றலாம் என்பது அவர் கணக்கு. அக்கணக்கிலே பையன் எங்கிருக்கின்றான்? மீனுக்கும் ஆளுக்கும் எஞ்சினுக்கும் இடம் ஒதுக்கிய பின்னர் மிஞ்சிய மூலையில் இருக்கின்றான்.

இவ்வாறு துணிந்து கூறுதற்கு எமக்கொரு காரணம் உண்டு; அஃது எமக்குப் பெருமை தருவதன்று. மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறையில், உறவினர் ஒருவரின் எஞ்சின் படகை ஓட்டிப் பார்க்க விரும்பினோம். அப்பொழுது எமக்கு 16 வயது. இதே பையன் 11 வயதினனாய் முன்புறத்தே அமர்ந்திருந்தான். படகின் பின்புறத்தே தொங்கவிடப்படும் எஞ்சினுக்கு ஒரு கைப்பிடி உண்டு. அதனை வலப்புறம் தள்ளினாற் படகு இடப்புறம் திரும்பும். இடப்புறம் தள்ளினால் வலப்புறம் திரும்பும். நிலத்திலே மிதிவண்டி ஓட்டிப் பழகிய கைக்கு இது நேர்மாறானது. எதிரே இடப்பக்கத்தில் ஒருவருடைய வலையின் மிதவைகளைக் கண்ட யாம், வலப்புறம் ஒதுங்க எண்ணிக் கைப்பிடியை வலப்புறமே தள்ளினோம். படகு சடுதியிற் சுழன்று வலையின்மேற் பாய்ந்தது. பையன் நீரில் விழுந்தான். எஞ்சினை நிறுத்துவதை விடுத்து, நடுக்கத்திலே பிடியை முறுக்கி வேகத்தை இன்னும் கூட்டிவிட்டோம். உடனிருந்த பெரியவர் பாய்ந்து வந்து அதனை நிறுத்தியபொழுது, சுழலிக்கும் பையனுடைய காலுக்கும் இடையே ஒரு முழமே இருந்தது. வலைக்கு மாமா ஈடு கொடுத்தார். வலைக்காரர் பாதியே பெற்றுக்கொண்டு, மறுபாதிக்கு எம்மை நன்றாக வைதார். அவ்வசவு நியாயமே.

ஆகலின், எஞ்சினைப் பார்க்குமுன் படகின் உடலைப் பார்த்தல் வேண்டும். பதினான்கு வயதினனுக்கு 10 அல்லது 12 அடி நீளமும், நாலரை அடிக்குக் குறையாத அகலமும், தட்டையான அடியும் உடைய படகு போதும். அகலமும் தட்டையான அடியும் உள்ள படகு, பையன் எழுந்து நின்றாலும் எளிதிற் கவிழாது. இருக்கைகளின் கீழே நுரைப்பொருள் அடைத்த பெட்டிகள் இருத்தல் வேண்டும். அவை இருப்பின் படகு நீரால் நிரம்பினும் மூழ்காது மிதக்கும், பற்றிக்கொள்ளவும் உதவும். கரையோரத்தில் நீர் நிரப்பி மிதக்கின்றதாவென்று பார்த்த பின்னரே விலை பேசுக.

எஞ்சின் 2 முதல் 4 குதிரைத்திறன் போதும். இதற்கொரு காரணம் கூறுவோம். படகு நீரைப் பிளந்துகொண்டு செல்லும்வரையில் அதன் வேகம் அதன் நீளத்திற்குக் கட்டுப்பட்டது; 12 அடிப் படகிற்கு மணிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர். அதற்குமேல் ஆற்றலைக் கூட்டினால் முன்புறம் தூக்கிப் பின்புறம் அமிழ்ந்து படகு தவிக்கும். இன்னுங் கூட்டினால் நீரின்மேலே சறுக்கத் தொடங்கும். சறுக்கும் படகைத் திருப்புதலும் நிறுத்துதலும் வேறொரு கல்வி. வேகம் இருமடங்கானால் மோதலின் வன்மை நான்மடங்காகும் என்பதை இயற்பியல் பயிலும் நண்பர் எம்மினும் நன்கறிவர். எம்மைப்போன்றார்க்கு இதனினும் எளிய அளவுகோல் ஒன்றுண்டு: எஞ்சினைப் பையன் தானே தூக்கிக் கரையேற்ற இயலுமா என்று பாருங்கள். 2 குதிரைத்திறன் எஞ்சின் 20 கிலோவிற்குள் அடங்கும். 10 குதிரைத்திறனுடையது அதைப்போல் இருமடங்கு கனக்கும். தூக்கமாட்டாத எஞ்சினை அவன் ஓட்டவும் மாட்டான். பேட்டரியால் இயங்கும் சிறு மோட்டாரும் ஆராயத்தக்கதே. அஃது ஓசையற்றது, பெட்ரோல் ஆவி படகினடியிலே தங்கித் தீப்பற்றும் அச்சமுமில்லை. மாமா இதைக் கேட்டு, “பொம்மை” என்று நகைத்தார். முதற்படகு பொம்மையைப்போல் இருத்தலே நன்றென்பது எம் கட்சி.

படகின் உடலை முதலிற் பேணுதல் எம் புதுக்கொள்கை அன்று. 1980-களின் தொடக்கத்திலே குமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் பியேர் ஜில்லே என்பார் கட்டுமர மீனவர்க்கு ஒட்டுப்பலகைப் படகுகளை அமைக்க முற்பட்டபொழுது, அலையைக் கடந்து மணலிற் கரையேறத்தக்க வடிவத்தையே நாடினார்.

ஆனால் எஞ்சினுக்கு முன் ஒரு படி உண்டு. அது மாமாவின் திண்ணையோரத்திலேயே கவிழ்ந்து கிடக்கின்றது. மூங்கிற் பிளாச்சுகளாற் பின்னி, முற்காலத்தே தோலாலும் இக்காலத்தே தார் பூசிய பிளாஸ்டிக் தாளாலும் போர்த்திய அவ்வட்டக் கலத்தைப் பரிசல் என்பர். பரிசில் என்றும் வழங்குவர். பரிசில் எனும் சொல் புலவர் பெறும் கொடையையும் குறிக்கும். ஔவைக்கு நெல்லிக்கனியீந்த அதியமானின் பெயர்தாங்கிய அதியமான்கோட்டை எம்மூருக்கு அணித்தேயுள்ளமையின், இச்சொல்லைக் கேட்குந்தோறும் எமக்கு இரு பொருளும் ஒருங்கே தோன்றும். தமிழ் பயில்வார்க்குள்ள நோய் இது, பொறுத்தருள்க.

பரிசிலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒருபுறமே துடுப்பிட்டாற் சுழலும். முன்னே நீட்டி நீரைத் தன்பால் இழுப்பானுக்கே நேரே செல்லும். காற்று எப்பக்கம் தள்ளுகின்றது, தன் உடலின் பாரம் எப்பக்கம் சாய்கின்றது என்பவற்றைப் பையன் அதனிலே தன் முழங்காலால் அறிவான். ஓராண்டு அதனில் வலையெடுக்கத் துணைபோனவனுக்கு, நீரைப்பற்றி எஞ்சின் விற்பார் சொல்லாதன பலவும் தெரிந்திருக்கும். (பரிசிலிலேயே எஞ்சினைக் கட்டிவிட்டால் என்னவென்று ஒருவர் வினவினார். வட்டத்தின் விளிம்பிலே தள்ளினால் அது எளிதிற் சுழன்றுவிடும்.)

இனி, அந்நீரின் இயல்பு. 1934-ஆம் ஆண்டிலே கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழுமட்டம் 120 அடி. அம்மட்டம் ஏறுவதும் இறங்குவதும் மழையையும் பாசனத்தையும் பொறுத்தவை. நீர் தாழ்ந்த காலங்களில், நாகமரைக்கு எதிர்க்கரையாகிய பண்ணவாடியிலே, மூழ்கிக்கிடக்கும் சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய கிறித்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளிப்படும். அவற்றைக் காண மக்கள் திரள்வர். யாமும் சென்று ஆலயத்தை நோக்கிச் சற்றே மௌனமாய் நின்றதுண்டு. காட்சிக்கு இனியதாயினும் படகோட்டிக்கு அஃது எச்சரிக்கை. கோபுரம் வெளிப்படுமுன் நீருக்குள் ஓரடி ஆழத்தில் மறைந்திருந்த நாளும் உண்டன்றோ? இடிந்த சுவரும் அடிமரமும் அவ்வாறே மறைந்திருக்கும். துடுப்பு கல்லில் மோதினால் ஒலிக்கும். சுழலி மோதினால் முறியும். சிறு எஞ்சின்கள் பலவற்றிலே சுழலியின் அச்சில் ஒரு சிற்றூசி உண்டு. மோதலில் எஞ்சின் கெடாவண்ணம் அவ்வூசியே முறியும். மாற்றூசி இரண்டும் துடுப்பு இரண்டும் இல்லாது கரையை விடலாகாது. ஆடிக் காற்றடிக்கும் நாட்களில் அவையிருந்தும் விடலாகாது.

விலை பேசுகையில் எல்லாரும் மறப்பன இரண்டு. ஒன்று, லைப் ஜாக்கெட் எனும் மிதவைச் சட்டை. இதனையேனும் நான்கு விரற்கடை பெரிதாக வாங்காதீர்கள். பெரிதாயிருப்பின் நீரிலே அது மேலெழும்பிக் கழன்றுவிடும். மற்றொன்று, எஞ்சினிலிருந்து ஓட்டுவானின் மணிக்கட்டிற் பூட்டும் சுருட்கயிறு. அவன் விழுந்தாற் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். இல்லையேல் ஆளற்ற படகு விழுந்தவனையே சுற்றிச்சுற்றி வரும்.

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-இல் தேக்கடியிற் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காட்டிலே படகுலாச் சென்றவருள் 22 பேர் மூழ்கினர். அவர் சிறுவர் ஓட்டிய படகிற் சென்றாரல்லர். பெரியோர் செலுத்தும் கலத்திற்கே இந்நிலையெனின், சிறுவன் செலுத்துங் கலத்திற்கு எத்துணைக் காவல் வேண்டும்! 1917-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், எஞ்சினால் இயங்கும் கலங்களுக்குப் பதிவும் செலுத்துவார்க்குத் தகுதிச்சான்றும் வேண்டுமென வகுத்துள்ளது. எனவே தந்தையார் அவற்றைப் பெற்று உடன் அமர்தல் வேண்டும். பையன் அவர் கண்முன்னே பழகல் வேண்டும்.

இவையனைத்தையும் கேட்ட மாமா, “நான் ஏழு வயதில் பரிசலேறினவன், எனக்கு எந்தச் சட்டையும் இல்லை, சான்றும் இல்லை” என்றார். உண்மையே. அவருடன் அந்நாளில் ஏறியோருள் இன்று இல்லாதார் எத்தனைபேர் என்று யாம் கேட்கவில்லை. கேட்குமளவிற்கு எமக்கு வயதில்லை. ஆனால் வேறொன்று கேட்டோம்: படகு பொருளீட்டத் தொடங்கினாற் பையன் பள்ளிக்கு எவ்வாறு போவான்? விடியலில் வலையெடுத்து, மீனை எடைபோட்டு, எஞ்சினைக் கழுவிவைத்தபின் பத்தாம் வகுப்பிற்கு அவன் எந்நேரம் போய்ச் சேர்வான்? முதல் மாதம் தாமதமாய்ப் போவான். இரண்டாம் மாதம் சிலநாள் போகான். பணம் வரும் கையை எவரும் பேனா பிடிக்கவென்று திருப்பியனுப்பார். இருபது அடிப் படகை யாம் மறுப்பதற்குக் கவிழ்தல் பாதிக் காரணமே. இது மற்றைப் பாதி.

அப்போஸ்தலர் நடபடிகளிலே, பயணம் கேடாய் முடியுமென்று கைதியாகிய பவுலடியார் சொல்ல, நூற்றுக்கதிபதி அதனைவிட மாலுமியையும் கப்பலுடையானையுமே நம்பினான். அத்தையார் முந்தானையை முறுக்கி நின்றது எமக்கு அந்நிகழ்ச்சியை நினைவூட்டிற்று. தொழில் தெரிந்தார் இருவர் பேசுமிடத்தே அச்சமுடையாரின் சொல் ஏறுவதில்லை.

சீட்டுப்பணம் இன்னும் வந்திலது. மாமா படகுக்கடைக்காரரோடு இருமுறை பேசியிருக்கின்றார் என்று கேள்வி. எமக்கு அவர் இதுவரை விடை தரவில்லை. அத்தையார் மாத்திரம், அந்த மிதவைச் சட்டை சேலத்திற் கிடைக்குமா, என்ன விலையென்று எம் அன்னையாரிடம் கேட்டிருக்கின்றார்.