காருக்குக் கவசம், கண்ணுக்கு?

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரின்மீது, ஒரு கிராம் கல் எதிர்ப்படுவதாகக் கொள்வோம். காரைப் பொறுத்து அக்கல்லின் இயக்க ஆற்றல் சுமார் 0.3 ஜூல். அது ஒரு சிறு புள்ளியில் தாக்குவதால் வண்ணப்பூச்சு பெயர்ந்து, உள்ளிருக்கும் எஃகு துருப்பிடிக்கிறது. இதைத் தடுக்கச் சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலியூரித்தேன் படலத்தை ஒட்டுகிறார்கள். ரப்பரைப்போல் அமுங்கி மீளும் அப்படலம், மோதும் நேரத்தை நீட்டி விசையைக் குறைக்கிறது.

நல்லதுதான். ஆனால் வேகத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் கால்பங்காகிவிடுமே! அதற்குச் செலவு ஏது? மேலும், ஜல்லி லாரியின் பின்னே ஸ்கூட்டரில் வருபவரின் கண்ணுக்கு எந்தப் படலத்தை ஒட்டுவது? ஆகவே, காருக்குப் படலம் ஒட்டுமுன் லாரிக்குத் தார்ப்பாய் போடவேண்டும் என்பதே என் கருத்து.