மலையாளமும் தெலுங்கும் பேசும் புதுச்சேரி

புதுச்சேரி போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி பிரசித்தமானது. அதே தொப்பியைக் கேரளத்து நடுவே மாகியிலும், கோதாவரிக் கரையில் ஏனாமிலும் பார்க்கலாம்!

புதுச்சேரியும் காரைக்காலும் பேசுவது தமிழ். மாகி மலையாளம். ஏனாம் தெலுங்கு. புதுச்சேரியிலிருந்து ஏனாம் 800 கிலோ மீட்டருக்கு மேல். அமெரிக்காவிலும் அலாஸ்கா மாநிலம் கனடாவுக்கு அப்பால் தனியே கிடக்கிறது. ஆனால் அங்கும் ஆபீஸ் மொழி ஆங்கிலம்தான்.

இந்த நான்கு ஊர்களையும் ஒரே முடிச்சில் கட்டியது பிரெஞ்சு ஆட்சி. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. வெள்ளைக்காரர் போனார், முடிச்சு அவிழவில்லை.

1979-ல் பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு வந்தது. புதுச்சேரி கொதித்தது. கடைகள் மூடின. "நீங்களும் தமிழர்தானே?" என்றால், "ஆமாம், ஆனாலும் புதுச்சேரிக்காரர்" என்றார்கள். பேச்சு கைவிடப்பட்டது.

ஒன்றாயிருக்க ஆசைப்பட்டால் போதுமா? சட்டசபைக்கு மக்கள் தேர்ந்தெடுப்பவர் 30 பேர். புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5. மாகிக்கு ஒருவர், ஏனாமுக்கு ஒருவர். பாவம், அந்த ஒருவர் எத்தனை கதவைத் தட்டுவார்?

மாகியில் மலையாளமும் ஏனாமில் தெலுங்கும் வழங்கலாம் என்று 1965-ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது. மனு எந்த மொழியில் வருகிறதோ, பதிலும் அந்த மொழியிலேயே போகட்டும். உள்ளூர் அதிகாரிக்கே அதிகாரம் தரட்டும். ஒரு கையெழுத்துக்காக ஏனாம் விவசாயி ராத்திரி முழுக்க ரயிலில் வரக்கூடாது.