விண்ணும் விரைவும் விலையும்

விரைவு வேறு, பயன் வேறு என்பதைச் செய்மதி இணையத்தைப் போலத் தெளிவாக உணர்த்தும் பொருள் இக்காலத்திற் பிறிதொன்றில்லை. 2024 ஆம் ஆண்டில் நம் நாட்டின் தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பெற்று, ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு உரிமம் வழங்கப்பட்டது. 2025 ஜூலையிற் சேவையும் தொடங்கிற்று. அது முதல், கீழ்க்கரைப் பாடசாலைகளுக்கு விண்வழி இணையக் கருவி வாங்கிக் கொடுத்தலே ஜூபிலியாண்டுக்கு ஏற்ற அறம் எனப் பழைய மாணவர் சிலர் பேசக் கேட்கின்றோம். நோக்கம் நன்று. ஆயினும், கொடுக்குமுன் ஆராய்தல் நம் கடன்.

நிலவுலகோடு ஒத்துச் சுழலும் செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பது. அவ்வாறு மூன்று செய்மதிகளை நிறுத்தி உலகனைத்தையும் இணைக்கலாம் என 1945 இல் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். பின்னர் இலங்கையையே தம் இல்லமாகக் கொண்டு, திருக்கோணமலைக் கடலடியிற் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டவரும் அவரே. அவர் கண்ட அவ்வுயரமே இன்று குறையாகத் தோன்றுகிறது. நம் வினா மேலேறிக் கீழிறங்கி, விடையும் அவ்வாறே வந்துசேர, அலை ஏறக்குறைய 1,43,000 கிலோமீற்றர் செல்ல வேண்டும். ஒளியின் வேகத்திற் சென்றாலும் அரைச் செக்கன் ஆகிவிடும். நடைமுறையில் 600 மில்லிசெக்கன் வரை நீளும்.

ஸ்டார்லிங்கின் செய்மதிகளோ 550 கிலோமீற்றர் அளவில் தாழப் பறப்பன. பயணத் தாமதம் ஏழெட்டு மில்லிசெக்கனே. இடைநிலையங்களின் தாமதமும் சேர, 25 முதல் 60 வரை எனக் கொள்ளலாம். வன்வெப் செய்மதிகள் 1,200 கிலோமீற்றரில் இயங்குவன. அவை பெரிதும் நிறுவனங்களுக்கே பயன்படுவன. நிலத்தடி ஒளியிழை வந்துவிட்ட ஊரிலோ இவற்றுள் எதுவும் அதற்கு நிகரன்று. ஒலுவிலிலிருந்து கொழும்புக்குச் சென்று மீள, ஒளிக்கு இழையினுள் ஒரு சில மில்லிசெக்கன்களே வேண்டும்.

இத்தாமதம் வெறும் கணக்கன்று. பெருந்தொற்றுக் காலத்தில் ஒலுவில் மாணவியொருத்தி கைத்தொலைபேசி வழியே வகுப்புக் கேட்டதை நாம் அறிவோம். ஆசிரியர் வினவுவார், அவள் விடை சொல்வாள், அது சென்றுசேருமுன் ஆசிரியர் அடுத்த பிள்ளையை அழைத்திருப்பார். அறிந்தவள் அறியாதவளாக எண்ணப்பட்டாள். உரையாடலில் அரைச் செக்கன் பெரிது. ஆனால், பாட நூலை இறக்கி வாசிப்பதற்கும், மடல் விடுப்பதற்கும், புயலெச்சரிக்கை பெறுவதற்கும் அது பெரிதன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அன்று குறைந்தது மில்லிசெக்கன் அன்று, எச்சரிக்கையே வரவில்லை.

நிற்க. விலையைக் காண்போம். அறிமுகமானபோது ஸ்டார்லிங்கின் வீட்டுத் திட்டத்துக்கு மாதம் 15,000 ரூபாய் அளவிலும், கருவிக்கு இலட்சத்துக்கு மேலும் கேட்கப்பட்டது. அவ்விலையில் முதலாண்டுச் செலவு 2,80,000 ரூபாவுக்குக் குறையாது. மீனவரோ ஆசிரியரோ தனித்துத் தாங்கும் சுமையா இது? பாடசாலைக்கு வாங்கினாலும் முதற்செலவை மட்டும் நாம் கொடுத்தால், மாதக் கட்டணம் யாருடையது? ஒலுவில் மக்கள் இதனை நன்கறிவர். 2013 இல் திறக்கப்பெற்ற அவ்வூர்த் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்ததையும், கரை அரிப்புண்டதையும் கண்டவர்கள் அவர்கள். கட்டுவதோடு கடமை முடிவதில்லை.

மேலும், கருவிக்கு மின்சாரம் வேண்டும். புயலில் மின்கம்பி அறுந்தால், மின்கலம் இல்லாத கருவி ஊமையாகிவிடும். வாடைக்காலப் பெருமழை அலையையும் நலிவிக்கும்.

ஆதலின் நம் கருத்து இது. ஒளியிழை எட்டும் பாடசாலைக்கு அதனையே பெற்றுக் கொடுப்போம். அஃது எட்டாத இடத்திலும், இடர்க்காலத்தில் ஊர் கூடும் இடத்திலும் மட்டுமே விண்வழிக் கருவியை வைப்போம். அதனை மின்கலத்தோடும், ஐந்தாண்டுக் கட்டணத்தை ஏற்கும் நிதியோடும் கொடுப்போம். வீட்டுத் திட்டத்தின் நிபந்தனைகள் பொதுவிடத்துக்குப் பொருந்துமா என்பதையும் முன்னரே கேட்டறிவோம். பத்துக் கருவிகளைக் கொடுத்து ஓராண்டில் அணையவிடுவதினும், இரண்டினை ஐந்தாண்டு ஒளிரச் செய்வதே சிறப்பு.

இந்துக் கல்லூரியின் ஜூபிலி நிதி முஸ்லிம் ஊருக்குச் செல்வதேன் என வினவுவாரும் உளர். பேரலை அவ்வாறு ஊர்பிரித்து வரவில்லை. கல்வியும் பிரித்துச் செல்லலாகாது. அம்மாணவியின் விடை உரிய நேரத்தில் ஆசிரியர் செவிக்கு எட்டுமாயின், அதுவே இவ்விழாவின் நிறைவாகும்.